வைராக்கியம் என்னும் சொல்லும் கோவை ஆயர் ஒருவரின் நினைவுநூலும்

1. தோற்றுவாய்

சமய வாழ்வில் ஆர்வம் தோன்றுதல் அரிதன்று. தோன்றிய ஆர்வம் தளராது நிற்றலே அரிது. முதல் நாளில் அழலென மூண்டது, ஆண்டுகள் சில கழிந்த பின்னர் நீறு பூத்துக் கிடத்தலை எல்லாச் சமயத்தாரும் அறிவர். கிறித்தவ மறைநூலின் இறுதிப் பகுதியாகிய திருவெளிப்பாடு, உழைப்பிலும் பொறுமையிலும் குறைவற்ற எபேசு நகரத் திருச்சபையை ஒரே ஒரு குறைக்காக இடித்துரைக்கின்றது. தொடக்கத்தில் கொண்டிருந்த அன்பினை அது கைவிட்டது என்பதே அக்குறை. செயல் நிற்கவில்லை, செயலின் உயிர் நின்றுவிட்டது. இத்தளர்ச்சி எங்ஙனம் நேர்கின்றது, எங்ஙனம் நீங்குகின்றது என்னும் வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை.

தமிழ்ப் பத்தி இலக்கியத்திற்கு இவ்வினா புதிதன்று. மணிவாசகர் நீத்தல் விண்ணப்பத்தின் ஐம்பது பாடல்களிலும், இறைவன் தம்மைக் கைவிட்டு விடுவானோ என அஞ்சி முறையிடுகின்றார். அருள் பெற்ற அடியவரே தம் தளர்ச்சியை உணர்ந்து நடுங்கும் நடுக்கம் அது. ஆயின், பாட்டிற் காணும் இந்நடுக்கம் ஒருவர் வாழ்க்கையின் நாள்தோறும் நிகழும் கடமைகளுக்கிடையே எவ்வுருவம் கொள்ளும் என்பதை அறிய வேண்டின், நாம் உரைநடையை நாடுதல் வேண்டும். அத்தகைய உரைநடைச் சான்று ஒன்று கொங்கு நாட்டைக் களனாகக் கொண்டு எழுந்துள்ளது. கோவையின் ஆயராகப் பணிபுரிந்த மெல்கியோர் தெ மரியோன் பிரெசில்லாக் என்பவர், தம் பன்னிரண்டு ஆண்டு மறைப்பணியைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் எழுதிய நினைவுநூலே அது. மொழியால் அயலதாயினும் களத்தால் நம்முடையது ஆதலின், கொங்கு நாட்டு வரலாற்றையும் இலக்கியத்தையும் ஆராய்வார் அதனை ஒதுக்குதல் முறையன்று என்பது எம் கருத்து.

2. சொல்லும் பொருளும்

நூலினுட் புகுமுன் ஒரு சொல்லை நோக்குவாம். கிறித்தவத் தமிழில் சமய ஆர்வத்தைக் குறிக்கப் பெருவழக்காய் நிற்கும் சொல் ‘வைராக்கியம்’ என்பது. இயேசு பெருமான் எருசலேம் கோயிலில் வணிகரை வெளியேற்றிய நிகழ்ச்சியைக் கூறும் யோவான் நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில், அவர்தம் உள்ளத்து எழுச்சியைப் ‘பக்திவைராக்கியம்’ என்னும் தொடராலேயே பழைய தமிழ் மொழிபெயர்ப்புச் சுட்டுகின்றது.

இச்சொல்லின் வரலாறு வியப்புக்குரியது. பற்றினை உணர்த்தும் ‘இராகம்’ என்னும் வடசொல், எதிர்மறை முன்னொட்டுப் பெற்று ‘விராகம்’ ஆகி, அதன்வழி ‘வைராக்கியம்’ பிறந்தது. ஆகவே அதன் முதற்பொருள் பற்றின்மை. வேதாந்த நூலாரும் சித்தாந்த நூலாரும் உலகப் பற்று நீங்கிய நிலைக்கே அதனை வழங்கினர். பொதுமக்கள் பேச்சிலோ, கொண்ட கொள்கையை விடாத உறுதி என்னும் பொருளில் அது வழங்குகின்றது. கிறித்தவ மொழிபெயர்ப்பாளர் கையில் அச்சொல் இறைவன்பால் மூண்டெழும் ஆர்வத்தைக் குறிப்பதாயிற்று. பற்றின்மையைக் குறித்த சொல் பெரும்பற்றைக் குறிக்கும் நிலைக்கு வந்துள்ளமை காண்க.

இதனை மொழிபெயர்ப்பில் நேர்ந்த வழு என்று கூறுவாரும் உளராகலாம். யாம் அங்ஙனம் கருதுகின்றிலேம். துறவு என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர், பற்றுக்களை விடுதற்பொருட்டே பற்றற்றானிடத்துப் பற்றுக்கொள்ளுமாறு கூறினார். விடுதலும் பற்றுதலும் ஒரு செயலின் இரு பக்கங்கள் என்பது அவர் கருத்து. வைராக்கியம் என்னும் சொல்லும் தன் வரலாற்றினாலேயே இவ்வுண்மையைக் காத்து நிற்கின்றது. சமய ஆர்வம் தளர்ந்தவிடத்து, அதனைப் புதுப்பிக்கும் வழி உணர்ச்சியை மேலும் மேலும் மூட்டுதலா, அன்றி ஆர்வத்தோடு ஒட்டிக்கொண்ட வேறு பற்றுக்களை அறுத்தலா என வினவின், இச்சொல் பின்னதையே விடையாகத் தரும். பிரெசில்லாக்கின் நூல் இவ்விடைக்கு ஏற்ற சான்றாகின்றது என்பதே யாம் நிறுவக் கருதுவது.

3. ஆசிரியர்

பிரெசில்லாக் 1813ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 2ஆம் நாள் தென் பிரான்சில் காசுத்தல்நோதாரி என்னும் ஊரிற் பிறந்தார். 1838இல் குருப்பட்டம் பெற்றுப் பிறந்த ஊரிலேயே பணியாற்றினார். 1841இல் பாரிசு வேற்றுநாட்டு மறைப்பணிச் சபையிற் சேர்ந்து, அடுத்த ஆண்டு புதுச்சேரி வந்தடைந்தார். கொங்கு நாட்டைச் சேர்ந்த சேலத்தில் தங்கித் தமிழும் மக்கள் வழக்கமும் பயின்றார். 1844இல் புதுச்சேரியிற் கூடிய குருமார் பேரவை, இந்நாட்டவரைக் குருக்களாகப் பயிற்றுதலைப் பெரிதும் வலியுறுத்தியது. அவ்வாண்டே அவர் புதுச்சேரிக் குருமடத்தின் தலைமையை ஏற்றார்.

1845இல் கோவைப் பகுதி புதுச்சேரியினின்றும் பிரிக்கப்பெற்றபோது அதன் பொறுப்பு அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. 1846ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4ஆம் நாள், கோவைக்குக் கிழக்கே அவிநாசிச் சாலையில் உள்ள கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பெற்றார். அப்போது அவர்க்கு அகவை முப்பத்திரண்டு. 1854இல் இந்தியாவை விட்டு நீங்கினார். அவர்தம் பதவி விலகல் 1855இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1856ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 8ஆம் நாள் இலியோன் நகரில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையைத் தோற்றுவித்தார். 1859ஆம் ஆண்டு மே மாதம் மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள சியரா லியோனின் பிரீடவுன் நகரிற் கரையிறங்கியவர், ஆறு கிழமைக்குள், சூன் 25ஆம் நாள், கொள்ளை நோய்க்கு இரையானார். 2020ஆம் ஆண்டு உரோமைத் திருச்சபை அவரை ‘வணக்கத்துக்குரியவர்’ என அறிவித்தது.

இவ்வரலாற்றை மேலோட்டமாக நோக்குவார்க்கு, இந்தியப் பன்னிரண்டாண்டுக் கதை தோல்வியிலும், ஆப்பிரிக்கக் கதை பெருந்தோல்வியிலும் முடிந்தனவாகவே தோன்றும். நினைவுநூலைப் படிப்பார்க்கே வேறொரு தொடர்ச்சி புலனாகும்.

4. தளர்ச்சியின் ஊற்று

பிரான்சை விட்டுப் புறப்படுமுன் அவர் தம் உள்ளத்தோடு நான்கு உறுதிகள் செய்துகொண்டார். மறைப்பணியாளராகவே முழுமனத்தோடு இருத்தல், இறைவன் பணி முன்னேற எதனையும் விட்டுவைக்காமை, மறையுரைக்க வாய்க்கும் காலத்தை நழுவவிடாமை என்பன முதல் மூன்று. நான்காவது, தம் ஆற்றல் அனைத்தையும் இந்நாட்டுக் குருமாரை உருவாக்குதற்குச் செலவிடுதல். முதல் மூன்றும் ஆர்வமுடையார் எவரும் கூறத்தக்கன. நான்காவதோ அவற்றினின்றும் வேறுபட்டது. தம் இடத்தில் வேறொருவரை நிறுத்தித் தாம் நீங்குதற்கு ஆயத்தமாகும் உறுதி அது. அயல்நாட்டார் ஒருவர் தம்மைத் தேவையற்றவராக ஆக்கிக்கொள்ளுதலையே தம் பணியின் பயனாகக் கொள்ளுதல் பற்றின்மையின் பாற்பட்டதன்றோ? பிற்காலத்துத் துறவின் வித்து முதல் ஆர்வத்திலேயே அடங்கியிருந்தமை இதனால் விளங்கும்.

இவ்வார்வம் எதனால் இடறுற்றது? கொங்கு நாட்டு வெயிலோ, வறுமையோ, பயணத்தின் அயர்வோ அதற்குக் காரணம் ஆகவில்லை. மனச்சான்று பற்றிய ஒரு சிக்கலே அவரை வருத்தியது. 1623ஆம் ஆண்டளவில் தத்துவ போதகராகிய இராபர்ட்டு தெ நோபிலி சேலம், சேந்தமங்கலம் ஆகிய ஊர்களுக்கு வந்த காலந்தொட்டே, இந்நாட்டு வழக்கங்களுள் எவற்றைக் கிறித்தவர் கைக்கொள்ளலாம், எவற்றை விடுதல் வேண்டும் என்னும் வழக்கு நிகழ்ந்து வந்தது. தாலி, நீராட்டு, பூப்புச் சடங்கு முதலியவற்றோடு, தாழ்த்தப்பட்ட மக்களின் இல்லத்துள் குருவானவர் புகுதல் கூடுமா என்பதும் அவ்வழக்கினுள் அடங்கும். 1704இல் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் ஆணை பிறப்பித்தார். 1744இல் பதினான்காம் பெனடிக்டு விரிவான முடிவு கூறி, மறைப்பணியாளர் யாவரும் அதற்கு அடங்கி நடப்பதாகச் சூளுரைத்தல் வேண்டும் என விதித்தார்.

சட்டம் தாளில் நின்றது. வழக்கம் ஊரில் நின்றது. இரண்டிற்கும் இடையே மறைப்பணியாளர் ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றியவாறு ஒழுகினர். சூளுரைத்த ஒருவர், தம் கண்முன் நிகழ்வன அச்சூளுக்கு அடங்கியனவா, மாறானவா என்று அறியமாட்டாத நிலையிற் பிறரை ஆளுதல் எங்ஙனம்? பிரெசில்லாக் உரோமையினிடம் தெளிவான தீர்ப்பை வேண்டினார். தம் மனம் அமையத்தக்க தெளிவு கிட்டவில்லை. உடன்பணியாளருள் பலரும் அவர் கருத்தோடு இசைந்திலர். உள்ளம் ஒன்றும் செயல் ஒன்றுமாகப் பணி செய்தலே ஆர்வத்தை அரிக்கும் கரையான் என்பதை அவர் உணர்ந்தார்.

திறனாய்வாளர் ஊன்றி நோக்கத்தக்கது இவ்விடமே. சமய ஆர்வத்தின் தளர்ச்சிக்குச் சோம்பலையும் உலக இன்பத்தையும் காரணமாகக் கூறுதல் அறிவுரை நூல்களின் மரபு. இந்நூலோ, கடமையைக் குறைவறச் செய்யும் ஒருவரது ஆர்வமும் உண்மையின்மையால் வாடும் என்பதைக் காட்டுகின்றது. எபேசுத் திருச்சபைக்கு உரைத்த இடித்துரையின் ஆழத்தை இதனைக் காட்டிலும் நன்கு விளக்கும் உரைநடைப் பகுதியை யாம் கண்டிலேம்.

5. இருவேறு திரும்புதல்

இந்நூலின் தனித்தன்மை, அதனை மற்றொரு நூலோடு ஒப்பிடும்போது தெளிவாகும். அதே பாரிசுச் சபையைச் சேர்ந்த துபுவா பாதிரியார் 1792இல் இந்தியாவிற்கு வந்தார். திப்புவின் வீழ்ச்சிக்குப் பின்னர் மைசூர் நாட்டில் நெடுங்காலம் பணியாற்றினார். 1823இல் தாய்நாடு திரும்பினார். அவ்வாண்டே இந்தியாவிற் கிறித்தவத்தின் நிலைபற்றிய அவர்தம் கடிதங்கள் இலண்டனில் வெளிவந்தன. இந்நாட்டு மக்களை மறைக்குக் கொணர்தல் இனி இயலாது என்பதே அவற்றின் முடிபு.

அண்டை நாடுகளில் அடுத்தடுத்த தலைமுறையில் உழைத்த இருவரும், ஒரே சபையினர். இருவரும் சாதி வழக்கத்தின் வலிமையைக் கண்ணாரக் கண்டவர். இருவரும் திரும்பிச் சென்றவர். ஆயினும் துபுவாவின் உரைநடை, தீர்ப்பெழுதும் நடுவரின் உரைநடை. அதன்கண் அறிவு உண்டு, நுட்பம் உண்டு. எழுதுவோர் தம்மை வினவிக்கொள்ளும் வினா அருகியே காணப்படும். குறை முழுவதும் மக்களிடத்தது எனக் கொண்டவர்க்கு ஆர்வம் மீளாது. ஏனெனின், மீள்வதற்குத் தம்மிடத்து ஏதும் மாறவேண்டுவதில்லை. பிரெசில்லாக்கோ, ஐரோப்பியர் இந்நாட்டவரை இகழ்ந்து நோக்குதலைக் கண்டித்தார். இம்மக்களுள் தகுதியுடைய குருமாரும் ஆயரும் தோன்றுவர் என உறுதியாக நம்பினார். குறையைத் தம்மிடத்தும் தம்மவரிடத்தும் தேடியமையால் அவர்க்குத் திரும்பிச் செல்லும் வழி, தொடங்கிய இடத்திற்கே செல்லும் வழியாயிற்று.

இத்திரும்புதலுக்குத் தமிழ்க் காப்பிய உலகிலும் ஒளி தரும் உவமை ஒன்றுண்டு. ஆங்கிலேயராகிய சான் பனியன் 1678இல் வெளியிட்ட கதையைத் தழுவி, எச். ஏ. கிருட்டிணபிள்ளை ஐந்து பருவங்களில் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. அதன் மூலமாகிய பனியன் கதையில், விண்ணகம் நோக்கிச் செல்லும் பயணி இடர்மலையின் நடுவே ஒரு கொடிப்பந்தரின் நிழலில் உறங்கிவிடுகின்றான். கையிலிருந்த சான்றோலை நழுவி வீழ்கின்றது. மேலே ஏறிச்சென்ற பின்னரே இழப்பை அறிந்து, நடந்த வழியே அழுதுகொண்டு மீண்டு, உறங்கிய இடத்திலேயே அதனைக் கண்டெடுக்கின்றான். முன்னேறுதலே பயணம் என எண்ணுவார்க்கு அவன் பின்னோக்கி நடந்த நடை வீண்நடை. கதையோ, அந்நடை இன்றேல் பயணமே இல்லை என்கின்றது. பிரெசில்லாக் ஆயர் முடியைத் துறந்து மீண்டதும் அத்தகைய நடையே. அவர் இழந்ததாக அஞ்சியது முதல் உறுதியை. அதனை மீட்டெடுத்த பின்னர் அவர் ஓய்வை நாடவில்லை. யாராலும் நாடப்படாத மக்களிடையே செல்ல விரும்பி ஆப்பிரிக்கப் பணியை ஏற்றார்.

நினைவுநூல் எழுதப்பெற்ற காலமும் கருதத்தக்கது. இந்தியப் பணி முடிந்து, ஆப்பிரிக்கப் பணி தொடங்காத இடைவெளியில் அது உருப்பெற்றது. பயணி ஓலையைத் தேடி மீளும் நடையின் பதிவாகவே அதனை யாம் கொள்ளுதல் தகும். நினைவுகூர்தல் ஆண்டுப் பழங்கதை பேசுதலாகாமல், ஆர்வத்தைப் புதுப்பிக்கும் பயிற்சியாக ஈண்டு அமைந்துள்ளது.

6. குறைகள்

நூலின் பெருமையைக் கூறிய யாம் அதன் குறைகளையும் கூறுதல் கடன். முதலாவது, கடிதங்களும் ஆவணங்களும் இடையிடையே மிகுதியாகப் புகுந்து நடையின் ஓட்டத்தைத் தடுக்கின்றன. வரலாற்று ஆசிரியர்க்கு அவை கருவூலம். இலக்கியம் நாடுவார்க்கு அவை கல்லும் முள்ளும். அச்சேற்றுங்கால் ஆசிரியர் தாமே குறைத்திருத்தல் கூடும். அவர்க்கு அவ்வாய்ப்பு வாய்த்திலது. அவர் மறைந்து நெடுங்காலம் கழித்தே நூல் வெளிவந்தது.

இரண்டாவது, பதவி விலகிய ஒருவர் எழுதும் நூலில் தம்மை நிலைநாட்டும் நோக்கம் இயல்பாகவே கலக்கும். மணிவாசகர் இறைவனை நோக்கி முறையிடுகின்றார். ஆங்கு வழக்காடுதற்கு இடமில்லை, அடைக்கலம் புகுதலே உண்டு. நினைவுநூலாரோ படிப்பவரை நோக்கிப் பேசுகின்றார். ஆகவே உருக்கம் வாதமாகத் திரிகின்றது. பாட்டுக்கும் உரைநடைக்கும் உள்ள வேறுபாடு மட்டுமன்று இது. முன்னிலையில் நிற்பவர் யார் என்பதால் விளையும் வேறுபாடு.

மூன்றாவது குறையே பெரிது. சாதி வழக்கம் பற்றிய வழக்கில் மனச்சான்று வருந்திய ஆயரை நூலிற் காண்கின்றோம். அவ்வழக்கத்தால் கோயிலிலும் வருந்திய எளிய கிறித்தவரின் குரலை அங்ஙனம் கேட்கின்றிலேம். அவர்கள் பேசப்படும் பொருளாக நிற்கின்றனர், பேசுவோராக நிற்கவில்லை. அன்றியும், மேய்ப்பர் தம் மனத்தூய்மையின் பொருட்டு நீங்கினார் எனின், மந்தையின் நிலை யாது என்னும் வினா எழுகின்றது. தம் ஆர்வத்தைக் காத்துக்கொள்ளத் தம் மக்களை விட்டு நீங்குதல் அறமாகுமா?

இவ்வினாவை எளிதில் தள்ளிவிடல் இயலாது. கருமத்தம்பட்டியில் அவரைத் தந்தையென ஏற்ற மக்கள், அவர் நீங்கிய காரணத்தை அறிந்திருப்பரோ என எண்ணுங்கால் நெஞ்சு கனக்கின்றது. எனினும், தமக்கே தெளிவில்லாத ஒன்றைப் பிறர்மேல் ஆணையாகச் செலுத்துதலும் அறமன்று. இரு தீங்குகளுள் ஒன்றை அவர் தெரிந்தெடுத்தார். அதனால் வந்த இழப்பைப் பதவியையும் பெருமையையும் விட்டுத் தாமும் ஏற்றார் என்ற அளவிலேயே அவர்க்கு அமைதி கூறலாம். முற்றும் குற்றமற்றது எனக் கூறுதற்கு யாம் துணிகின்றிலேம். இந்நெருடலை மறைக்காமல் படிப்பவர் முன் வைத்தலே நூலின் உண்மைத் தன்மைக்குச் சான்று.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சமய ஆர்வத்தின் தளர்ச்சி எப்போதும் சோம்பலாற் பிறப்பதன்று, உள்ளத்திற்கும் செயலுக்கும் இடையே எழும் பிளவாலும் பிறக்கும் என்பதும், அதனைப் புதுப்பித்தல் உணர்ச்சியைப் பெருக்குதலால் மட்டும் ஆவதன்று, முதல் உறுதிக்கு மீண்டு அதற்குத் தடையாகிய பற்றுக்களை அறுத்தலால் ஆவது என்பதும் பெறப்பட்டன. வைராக்கியம் என்னும் சொல் துறவையும் ஆர்வத்தையும் ஒருங்கே தாங்கி நிற்பது மொழியின் தற்செயல் அன்று. வாழ்ந்தார் கண்ட உண்மை அது.

பிரெசில்லாக்கின் நான்காவது உறுதி என்னாயிற்று என வினவுவார்க்கு வரலாறு விடை கூறுகின்றது. 1886இல் கோவை முழுமையான மறைமாவட்டமாயிற்று. 1940ஆம் ஆண்டு தமிழராகிய உபகாரசாமி அதன் ஆயரானார். பிரெசில்லாக் புதுச்சேரியிற் கரையிறங்கித் தொண்ணூற்றெட்டு ஆண்டுகள் அப்போது கழிந்திருந்தன. வித்தியவர் அறுவடையைக் கண்டிலர். காணாமையால் வித்து பழுதாயிற்றில்லை.

இந்நினைவுநூலின் கொங்கு நாட்டுப் பகுதிகளேனும் நல்ல தமிழில் பெயர்க்கப்பெறுதல் வேண்டும். அங்ஙனம் பெயர்ப்பார், எதிரே நின்ற மக்களின் வழக்குகளையும் வாய்மொழி நினைவுகளையும் கருமத்தம்பட்டி முதலிய ஊர்களில் தேடித் தொகுத்து உடன்வைப்பாராயின், நூல் விட்ட குறை நிறைவுறும். ஆயரின் மனச்சான்று ஒருபுறமும் அவர் ஆண்ட மக்களின் குரல் மறுபுறமும் ஒருங்கே ஒலிக்கும் நாளிலேயே, கொங்கு நாட்டுக் கிறித்தவ வாழ்வின் வரலாறு முழுமை பெறும்.